உப்பில்லாப் பத்தியமும் ஒரு முழு எண்ணும்

மேற்கு ஜெர்மனியில் நாங்கள் குடிபுகுந்த வீட்டின் கதவை முதலில் தட்டியவர் எதிர்வீட்டு அம்மாள், ஃப்ராவ் பெக்கர். ஒரு கையில் துணியில் சுற்றிய ரொட்டி, மறு கையில் சின்ன மண் கிண்ணத்தில் உப்பு. புது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ரொட்டியை வாங்கிக்கொண்டேன். உப்பை நீட்டியபோது என் கை தானாகப் பின்னால் போயிற்று. எங்கள் பக்கத்தில் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் தரையைக் காட்டினேன். ஃப்ராவ் பெக்கர் தரையைப் பார்த்தார். ஏதோ சிந்திவிட்டது என்று நினைத்தவர் குனிந்து தன் மேலங்கியின் நுனியால் துடைத்தார். நான் மறுபடியும் காட்டினேன். அவர் மறுபடியும் துடைத்தார். உள்ளேயிருந்து வந்த என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வாங்கிக்க கோமதி. சண்டை வந்தாலும் அவங்க பாஷையில போட நமக்குத் தெரியாதுல்லா” என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை.

நான் சுரண்டைக்காரி. மதுரையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது தென்காசியில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் பெயர் குத்தாலிங்கம். குற்றாலத்துச் சாமியின் பெயர். ஜெர்மன்காரர்கள் அதில் பாதியைத்தான் சொன்னார்கள். பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று விளக்க எனக்கு வார்த்தை இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி மேசையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

“நீ நம்ம கோயில் வாசல்ல நிக்கேன்னு வச்சுக்க. முதல்ல கிழக்க ஒரு தெரு நடந்து, பொறவு வடக்க திரும்புத. நான் முதல்ல வடக்க போயி, பொறவு கிழக்க திரும்புதேன். ரெண்டு பேரும் ஒரே முக்குலதான் வந்து நிப்போம், இல்லியா?”

“ஆமா.”

“எலெக்ட்ரானுக்கு அப்படி இல்ல. அது ஒரு சின்னக் கடிகாரத்தைக் கையில கட்டிக்கிட்டு நடக்குன்னு நெனச்சுக்க. காந்தப் புலத்துக்குள்ள நடந்தா, ரெண்டு வழியாயும் அதே முக்குக்குத்தான் வரும். ஆனா முள்ளு வேற வேற எடத்தக் காட்டும். எதை முதல்ல செஞ்சேங்கிறது அதுக்குள்ள இருந்துகிட்டே இருக்கும்.”

இப்படி முன்பின் மாற்றினால் விடை மாறுகிற பெருக்கல்களைக் கொண்டே ஒரு முழு வடிவக்கணிதத்தைப் பிரான்சில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வடிவக்கணிதத்தில் புள்ளி கிடையாது. ‘இதோ இங்கே’ என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த வெளியில் என்னென்ன செய்யலாம், எதை எதற்கு முன்னால் செய்தால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் அதை அறிய முடியும். என் கணவர் அதைக் கொண்டுபோய் ஒரு பௌதிகக் கேள்வியில் பொருத்தப் பார்த்தார். மெல்லிய தகடு ஒன்றைக் கடுங்குளிரில், பலத்த காந்தத்தின் நடுவே வைத்து மின்சாரம் செலுத்தினால், அளவுமானி சரிவாக ஏறாமல் படிக்கட்டாக ஏறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு முழு எண். தகடு சுத்தமாக இருந்தால் அது ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆனால் எந்தத் தகடும் சுத்தமில்லை. இடம் மாறிய அணு, வந்து ஒட்டிய தூசு, கீறல் எல்லாம் இருக்கும். அவ்வளவு அழுக்கிலும் அந்த முழு எண் இம்மியும் அசைவதில்லை. அது ஏன் என்பதை நிறுவுவதுதான் அவர் வேலை.

“அழுக்கு இல்லாட்டி அந்தப் படிக்கட்டே கெடையாது, கோமதி. அதுதான் இதுல ஆச்சரியம்” என்றார். நான் வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவர் தூங்குவதை நிறுத்தினார். முதலில் அதை உழைப்பு என்று நினைத்தேன். வேகமாகப் பேசினார், பேருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சன்னல் ஆவியில் விரலால் வரைந்து விளக்கினார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். பிறகு பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஒரு காலை, அவர் பனியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்ததை ஃப்ராவ் பெக்கர் பார்த்து என்னைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் சேர்த்தோம். லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி இரத்தம் எடுத்து அதில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. வசந்தம் வந்தபோது அவர் தானாகச் சவரம் செய்துகொண்டார். பேராசிரியர் வீட்டுக்கு வந்து, ஊருக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரட்டும், இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கும்வரை இடம் காத்திருக்கும் என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது என்பதையும் அதே மென்மையான குரலில் சொன்னார்.

புறப்படும் முன் டாக்டர் என்னை உட்காரவைத்து எச்சரிக்கைகளைச் சொன்னார். மது கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. வேளை தவறாமல் மாத்திரை, நிறையத் தண்ணீர், மற்றபடி எப்போதும்போல் சாப்பாடு. அவருக்குத் தோன்றக்கூடிய தவறுகள் எல்லாவற்றையும் எச்சரித்தார். அந்த ஊரில் சூப்பை ருசி பார்க்கும் முன்பே உப்பைத் தூவுகிறார்கள். ஒரு நோயாளியின் தட்டிலிருந்து உப்பை அடியோடு எடுத்துவிடுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

தென்காசியில் சாரல் தொடங்கியிருந்தது. இரண்டாகப் பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்தை எடுத்துக் கட்ட ஏற்பாடு நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்கு வந்திருந்த கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார், பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டில் எல்லாம் முன்பே முடிவாகியிருந்தது. புத்தி கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், தலைக்கு எண்ணெய் வைத்து, அருவியில் நிறுத்துவது அங்கே தலைமுறையாக நடப்பது. பேரருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் பித்தம் இறங்கும் என்பது நம்பிக்கை. கூடவே உப்பில்லாப் பத்தியம். சோறு, பாசிப்பருப்பு, சுரைக்காய், பால். உப்பு ஒரு கல் கூடாது.

“மாத்திரைய நிறுத்தக் கூடாது அத்தை” என்றேன் மாமியாரிடம்.

“நிறுத்தச் சொன்னேனாட்டி? வெள்ளைக்காரன் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும். உப்பு ரத்தத்தக் கொதிக்க வைக்கும். அருவிக் குளிர்ச்சிக்கும் அதுக்கும் ஆகாது” என்றார் அத்தை. மகனுக்குத் துணையாகத் தானும் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

தினமும் விடியலில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பேருந்து. சீசன் கூட்டம். நல்லெண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாடை, போலீஸ்காரரின் விசில், படியெல்லாம் எண்ணெய் வழுக்கல். அத்தான் தன் இடுப்பையும் தம்பியின் இடுப்பையும் ஒரே துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு அருவிக்குள் போவார். சிரிக்கவும் வைப்பார். “ஏலே, ஜெர்மன்ல ஐஸ்லயே நின்னவன் நீ. இதுக்குப் போயி நடுங்குத?” என் கணவர் உதட்டோரம் லேசாக இழுபடும். பெண்கள் பக்கம் என்னோடு நின்றவர் சிவகிரியிலிருந்து மகளைக் கூட்டிவந்திருந்த ஓர் அம்மாள். அந்தப் பெண்ணின் தலை மழிக்கப்பட்டிருந்தது.

“உங்க ஆளுக்கு என்ன? படிப்பு கெடுத்துச்சா, பொம்பள கெடுத்துச்சா?” என்று கேட்டார்.

“படிப்பு.”

“அப்பம் சீக்கிரம் எறங்கிரும். பொம்பளைன்னாத்தான் நாளாகும்” என்றார், தேறிய மருத்துவரின் தோரணையில்.

முதல் சில நாட்களில் அவர் தேறினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் குளித்து முடித்துப் பாறையில் உட்கார்ந்து, அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள சத்தம் அடங்குது” என்றார். பிறகு, “இதுல புள்ளியே கெடையாது பாரு. எந்த எடத்தக் காட்டினாலும், காட்டி முடிக்குமுன்ன அந்தத் தண்ணி போயிருது. கைய உள்ள விட்டு, அது என்ன செய்யுதுன்னுதான் பாக்கணும்” என்றார். ஈரப்பாறையில் விரலால் ஏதோ எழுதினார். எழுதியது உடனே கலைந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. “கடைசிப் படி கெடச்சிட்டு, கோமதி. வீட்டுக்குப் போயி எழுதிக்கிடுதேன்.” ஆறு மாதத்துக்கு மேலாக நான் கேட்கக் காத்திருந்த குரல் அது. எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், சிவகிரி அம்மாளுக்கு ஒரு மங்குஸ்தான் பழம் உரித்துக் கொடுத்தேன்.

அன்று மாலை பேனாவை எடுத்தபோது அவர் கை நடுங்கியது. எழுத்து தாளில் நிற்கவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று மூடி வைத்தார். மறுநாள் நடுக்கம் அதிகமாயிற்று. வயிற்றுப்போக்கு தொடங்கியது. நடக்கும்போது கால் அகன்று, குடித்தவர் நடை நடந்தார்.

“பித்தம் எறங்குதும்மா. எறங்கும்போது ஆட்டத்தான் செய்யும்” என்றார் அத்தான்.

“நல்ல அறிகுறி” என்றார் அத்தை. பத்தியத்தை இன்னும் இறுக்கினார். பாலும் கஞ்சியும் மட்டும். நான் வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்தேன். அடுத்த நாள் அருவிப் படியில் அவர் கால் மடங்கியது. இடுப்பில் கட்டிய துண்டு இல்லாவிட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அத்தான் தானும் விழுந்து, தம்பியைப் பாறையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார். அந்த இரைச்சலில் வாய் அசைவதுதான் தெரிந்தது. வெளியே கொண்டுவந்தபோது என் கணவர் என்னிடம் ஏதோ சொன்னார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வாடகைக் கார் பிடித்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அங்கே இருந்த பெண் டாக்டர் மாத்திரைக் குப்பியை வாங்கிப் படித்தார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். அத்தை முன்னால் வந்து, சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். “பத்தியத்துல ஒரு கொறை வைக்கலை டாக்டரம்மா. உப்பு ஒரு கல்லு நாக்குல படல.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நர்சைக் கூப்பிட்டு, உடனே ஏற்ற வேண்டியதைச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். “இந்த மருந்தும் உப்பும் சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். உப்பு வரலைன்னா, இருக்கிற மருந்தையே உப்புன்னு நினைச்சுப் பிடிச்சு வச்சுக்கும். வெளியே விடாது. போதாததுக்கு வயிற்றாலையும் போயிருக்கு. கொடுக்கக் கொடுக்க உள்ளேயே சேர்ந்திருக்கு.”

“இப்பம் என்ன ஏத்துதாக?” என்று அத்தான் கேட்டார்.

“உப்புத் தண்ணீர்.”

அத்தை சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தார். “நான் போட்ட சோறா?” என்று கேட்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. உப்பில்லாப் பத்தியம் அந்த ஊரில் எத்தனையோ பேரை ஒன்றும் செய்ததில்லை. அந்த மாத்திரையும் நான் விட்டுவந்த ஊரில் எத்தனையோ பேரை நடமாட வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான். இரண்டு ஊரிலும் கால் வைத்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய விபத்து அது.

அவர் பிழைத்தார். மனம் தெளிந்துவிட்டது, பனியில் நின்ற மனிதர் இப்போது இல்லை. ஆனால் கையின் நடுக்கமும் நாக்கின் குழறலும் நின்றுவிடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார்கள். போகவில்லை.

இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்குத் திரும்பினோம். முதல் கருத்தரங்கில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் வைத்தார். கோடு தெறித்து மூன்று இடங்களில் விழுந்தது. பேசத் தொடங்கினார். ஊன்றிக் கேட்டால் எனக்கு விளங்கிற்று. மற்றவர்கள் அசையாமல், மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தாகத்தால் குரல் கம்முகிறது என்று நினைத்தாரோ என்னவோ. என் கணவர் அதை எடுக்கவில்லை. எடுத்தால் சிந்தும் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கணிதம் தெரியாது, ஆனால் எழுத்துகளை இடம் மாற்றாமல் எழுத எனக்குத் தெரியும். ஒருமுறை ‘யு’வை எழுதி ‘வி’யை எழுத வேண்டிய இடத்தில் முன்பின்னாக எழுதிவிட்டேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். பிறகு அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, “அதுதான் எல்லாமே. அது மாறுனா ஒண்ணுமே இல்ல” என்றார். இந்தச் சிறு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. பக்கங்கள் சேர்ந்தன. கடைசிப் படி மட்டும் வரவில்லை. பாறைமேல் எழுதியது அது. அது இருந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. அதன் தெளிவு நினைவிருந்தது. உச்சியில் தண்ணீர் விழுந்த வலிகூட நினைவிருந்தது. படி மட்டும் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து, மூடிய கண்ணுக்குள் அந்தப் பாறையைத் தேடுவார். நான் பேனாவைத் திறந்து வைத்தபடி காத்திருப்பேன். மை காய்ந்துவிடும்.

வேறொரு நாட்டில் வேறு யாரோ அதை நிறுவிவிட்டார்கள். பேராசிரியர் அந்தக் கட்டுரையின் நகலைக் கொண்டுவந்து எங்கள் அடுப்படி மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். என் கணவர் பக்கம் பக்கமாகப் படித்தார். தாள் அவர் கையில் படபடத்தது. அதே வடிவக்கணிதம், அதே புள்ளியில்லாத வெளி. எவ்வளவு அழுக்கிலும் முழு எண் மாறாது. கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்: “சரியாத்தான் இருக்கு.” பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது எங்கள் நிலைமை இதுதான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நோயைக் காட்டி, குடியிருப்பு அனுமதியை அவ்வப்போது நீட்டித் தருகிறார்கள். அடுத்த முறை தருவார்களா என்று யாரும் சொல்வதில்லை. குறைந்த அளவில் அதே மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அதை நிறுத்தினால் அந்தப் பனிக்காலம் திரும்பும். சாப்பிட்டால் இரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல இங்கே தெருமுனையில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் நான் விசாரித்த எந்த இடத்திலும் இல்லை. அதனால் அவர் இங்கே இருக்க வேண்டும். ஆனால் இங்கே அவர் பேசினால் யாருக்கும் புரிவதில்லை. குழறும் ஜெர்மன் பேச்சை யாரும் ஊன்றிக் கேட்பதில்லை. கடையில் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று. போன ஆண்டு தென்காசிக்குப் போனபோது, அத்தானின் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பேசினார். பாத்திரம் வாங்க வந்தவர்களெல்லாம் அந்தக் குழறலுக்குப் பதில் சொன்னார்கள். “ஏ அண்ணாச்சி, மெதுவாச் சொல்லுங்க, நாங்க எங்கன போகப்போறோம்?” என்றார் ஒருவர். அங்கே அவருடைய பேச்சு புரிகிறது. ஆனால் அவர் பேச நினைக்கிற கணிதத்தைக் கேட்க யாரும் இல்லை. அத்தை அவர் இலையில் முதலில் உப்பை வைத்தார், குவியலாக. வைத்துவிட்டு அவர் எழுந்திருக்கும்வரை எதிரே உட்கார்ந்து அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தியம் முடிந்து எவ்வளவோ காலமாகியும், அத்தை மட்டும் இன்னும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார்.

அந்த முழு எண்ணைப் பற்றி நான் நினைக்காத நாள் இல்லை. கீறலும் தூசும் இடம் மாறிய அணுவுமாகக் கிடக்கும் ஒரு தகட்டுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று நிறுவிவிட்டார்கள். ஒரு மனிதருக்கு இருக்கிறதா என்று எந்தப் பேராசிரியரிடம் கேட்பது?

சாயங்காலம் அவரைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறேன். வீட்டைச் சுற்றி நாலு தெரு. ஒருநாள் முதலில் கிழக்கே போய் வடக்கே திரும்புவோம். மறுநாள் முதலில் வடக்கே போய்க் கிழக்கே திரும்புவோம். எந்த வழி என்று முடிவு செய்கிறவர் அவர். இரண்டு வழியும் ரொட்டிக்கடை முக்கில் வந்து சேர்கின்றன. அங்கே அவர் ஒவ்வொரு நாளும் நின்று, நடுங்கும் இடது கையை வலது கையால் பிடித்து நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊரிலிருந்து வந்த பிறகு அவர் அதைத் திருப்பி வைக்கவில்லை. தென்காசி நேரத்திலேயே ஓடுகிறது. என் கையில் இருப்பது இந்த ஊர் நேரம், கடை மூடுவதற்குள் ரொட்டி வாங்க வேண்டியவளின் நேரம். என் மணிக்கட்டையும் இழுத்துத் தன் மணிக்கட்டோடு சேர்த்து வைத்துக்கொள்கிறார். ஒரே முக்கில் இருவரும் நிற்கிறோம். முட்கள் இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன. அவர் நெடுநேரம் பார்க்கிறார், சரிபார்ப்பவரைப்போல.